"கவர்மெண்டே அனுமதிச்சாச்சே" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள், ப்ளீஸ்

மார்ச் கடைசி வாரம் எங்கள் தொழிலில் மதியச் சாப்பாடு மறந்துபோகும் வாரம். அந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை, டாலஸ் பக்கம் இருக்கும் என் சின்ன வரி அலுவலகத்துக்கு ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் கல்லூரியில் தடகள வீராங்கனை, இன்ஸ்டாகிராமில் நல்ல கூட்டம். கையில் மூன்று 1099 படிவங்கள் (ஊழியர் அல்லாதவருக்குப் பணம் கொடுத்தவர்கள் அனுப்பும் வரிப் படிவம்). 2025-ல் விளம்பரங்களுக்கு ரொக்கமாக 34,000 டாலர், அதுபோக ஷூ, உடை, போன் என்று 6,000 டாலருக்குப் பொருள். பேங்கில் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். 900 டாலர். மீதியெல்லாம் வாசலில் காராக நின்றுகொண்டிருந்தது.

"வரியா? அது ஸ்காலர்ஷிப் மாதிரிதானே அண்ணா? இப்பதான் கவர்மெண்டே அனுமதிச்சாச்சே" என்றார் அப்பா.

இந்த சீசனில் இதே வசனத்தை நான் கேட்பது நாலாவது தடவை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், எந்த கவர்மெண்ட்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் பணத்தில் ஆறேழு அரசாங்கக் கைகள் இருக்கின்றன. ஒரு கை செய்வது இன்னொன்றுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்படாது. பிள்ளைகளுக்குப் பணம் தரலாம் என்று முதலில் சட்டம் போட்டது ஒரு மாநிலம், 2019-ல் கலிபோர்னியா. மற்ற மாநிலங்கள் பின்னாலேயே ஓடின, எங்கள் ஊர் ஆட்டக்காரர் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடக் கூடாதே என்ற பயம்தான். வேறு வழியில்லாமல், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 2021 ஜூலை 1 அன்று கதவைத் திறந்தது. பெயர், உருவம், அடையாளம் இவற்றை வைத்துச் சம்பாதிக்கலாம், அதாவது என்ஐஎல். அதற்குப் பத்து நாள் முன்னால் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று தீர்ப்புச் சொன்னதே, அது சம்பளம் கொடுக்கச் சொன்ன தீர்ப்பு என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்திருந்த உச்சவரம்பு போட்டித் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்றது, அவ்வளவுதான்.

கல்லூரியே நேரடியாகப் பணம் தருவது அதற்கும் பிறகு வந்தது. 2025 ஜூன் 6 அன்று கலிபோர்னியா ஃபெடரல் நீதிபதி க்ளாடியா வில்கன், ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர், இனி ஆடுகிறவர்களுக்கு ஒரு கல்லூரி முதல் வருடத்தில் அதிகபட்சம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு போடலாம். கவனியுங்கள், இது சட்டமில்லை. வழக்குப் போட்டவர்களும் போடப்பட்டவர்களும் செய்துகொண்ட உடன்பாடு. அடுத்த மாதமே, ஜூலை 24 அன்று, அதிபர் ட்ரம்ப் ஒரு நிர்வாக ஆணை போட்டார்: விளம்பரத்துக்கு நியாயமான விலை தரலாம், ஆனால் வெளியாட்கள் "எங்கள் டீமுக்கு ஆடு" என்று காசு கொடுப்பது கூடாது என்று. அதுவும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், போட்ட சட்டமில்லை. காங்கிரஸ் பக்கம் இந்தப் பணத்துக்கு நாடு முழுக்க ஒரே விதி வைக்க ஸ்கோர் ஆக்ட் என்று ஒரு மசோதா வந்தது, அந்த வருட டிசம்பரில் வாக்கெடுப்பு என்றார்கள், கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

இன்னும் வேடிக்கை வேண்டுமா? 2025 ஜனவரியில் பைடன் நிர்வாகம் போகிற போக்கில், கல்லூரி தரும் இந்தப் பணமும் டைட்டில் ஒன்பது சட்டத்துக்குள் வரும், ஆண் பெண் சமநிலை பார்க்க வேண்டும் என்று ஒரு விளக்கம் வெளியிட்டது. பிப்ரவரியில் அடுத்த நிர்வாகம் அதைத் திரும்பப் பெற்றது. ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இதைத்தான் நீங்கள் "கவர்மெண்டே அனுமதிச்சாச்சு" என்கிறீர்கள்.

இத்தனை குழப்பத்திலும் ஒரே ஒரு கை மட்டும் நடுங்காமல் நிற்கிறது. ஐஆர்எஸ், அமெரிக்க வரித் துறை. அதற்கு யார் அனுமதித்தார்கள், எந்த வழக்கு, எந்த அதிபர் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. காசு வந்ததா, அது வருமானம்.

சரி, ஸ்காலர்ஷிப் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, இன்னொரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் என்பது படிப்புக்காகத் தரும் பணம். அதிலும் டியூஷன், கட்டணங்கள், கட்டாயப் புத்தகங்கள் வரைக்கும்தான் வரி இல்லை. தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு ஸ்காலர்ஷிப்பாகவே இருந்தாலும் வரி உண்டு (இதைச் சொன்னால் பாதி அப்பாக்களுக்கு முகம் மாறும், பல வருடமாகக் காட்டவே இல்லை என்று அர்த்தம்). என்ஐஎல் பணமோ, போஸ்ட் போட்டதற்கு, கையெழுத்துப் போட்டதற்கு, கடை திறப்புக்கு வந்து சிரித்ததற்குக் கிடைத்த கூலி. கல்லூரி தரும் பங்கும் கல்லூரியிலிருந்து வருகிறது என்பதற்காக ஸ்காலர்ஷிப் ஆகிவிடாது. ஒரே கல்லூரி, ஒரே லெட்டர்ஹெட், ஒரே பேங்க் கணக்கு, ஆனால் ஒன்று படிப்புதவி, இன்னொன்று வருமானம். "காலேஜ்தானே அண்ணா குடுத்துச்சு" என்பது ஒரு வாதமே இல்லை.

அப்புறம், இப்போதைக்கு உங்கள் பிள்ளை அங்கே ஊழியரும் இல்லை. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்துப் பையன்கள் 2024 மார்ச்சில் நாங்களும் ஊழியர்கள்தான் என்று 13-2 என வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள், அந்த வருடக் கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊழியரா இல்லையா என்ற கேள்வி இன்னும் தொங்குகிறது. ஊழியர் இல்லை என்றால் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவம் இல்லை, சம்பளத்தில் பிடித்தம் இல்லை. முழுப் பணமும் கைக்கு வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பத்தொன்பது வயதில் உங்கள் பெண் ஒரு கடை முதலாளி, அவளுக்கே தெரியாமல்.

அந்தப் பெண்ணின் கணக்கையே பாருங்கள். ரொக்கமும் பொருளும் சேர்த்து 40,000. ஆமாம், பொருளுக்கும் வரிதான், போஸ்ட் போட்டதற்குப் பதிலாக வந்த ஷூவுக்குச் சந்தை விலை என்னவோ அது வருமானம் (டீம் எல்லோருக்கும் கொடுக்கும் சீருடை வேறு கதை). கழிக்கச் செலவு ரசீது ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. வருமான வரி பெரிதாக வரவில்லை, சுமார் 1,800 டாலர். சுயதொழில் வரி 5,650 டாலர். சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் முதலாளி பாதி, தொழிலாளி பாதி கட்டுவார்களே, இங்கே இரண்டும் இவளேதான், வருமானத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு அதில் 15.3 சதவீதம். மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. முந்தைய வருடம் அவளுக்கு வரியே இல்லாததால் முன்பணம் கட்டாததற்கு அபராதம் வரவில்லை. அடுத்த வருடம் இந்தக் கருணை கிடையாது. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15, முன்பணம் கட்ட வேண்டிய இந்த நாலு தேதியையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

1099 படிவம் வராவிட்டால் காட்ட வேண்டாம் என்று ஒரு வதந்தி வேறு ஓடுகிறது. படிவம் அனுப்பும் வரம்பு 2025 வரை 600 டாலர், 2026-லிருந்து 2,000. அது பணம் கொடுப்பவருக்கான வரம்பு. உங்களுக்கு, செலவு போக 400 டாலர் மிஞ்சினாலே சுயதொழில் வரி உண்டு. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

ஃபாஃப்சா, அதாவது கல்லூரி உதவித்தொகைக்கான அரசு விண்ணப்பம், பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்டிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். 2025-ல் பிள்ளை சம்பாதித்தது 2027-28 கல்வி ஆண்டின் உதவித்தொகைக் கணக்கில் வந்து உட்காரும், குறிப்பிட்ட விலக்குக்கு மேல் இருக்கும் மாணவர் வருமானத்தில் பாதியைப் படிப்புக்குக் கட்ட முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள். பெல் கிராண்ட் (வசதி குறைந்தவர்களுக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் குடும்பங்கள் ரொம்பக் கவனம்.

விசா. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் குறைந்து பயம் வருகிறது. எந்த மாநிலச் சட்டமும் எந்தக் கோர்ட் சமரசமும் குடியேற்றச் சட்டத்தில் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த பிள்ளை அனுமதியில்லாத வேலை செய்தால் விசா நிலையே போய்விடும். பர்டூ கல்லூரியின் ஜாக் ஈடி, 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டிலேயே சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர், கனடாக்காரர். கூட ஆடியவர்கள் போலச் சம்பாதிக்க அவரால் முடியவில்லை, காரணம் விசா. கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 2022-ல் டீம் பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார். அவருக்குப் பின்னால் வக்கீல்கள் இருந்தார்கள், உங்கள் பையனுக்குப் பின்னால் ஒரு வாட்ஸ்அப் குரூப்தான் இருக்கிறது.

கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். சென்னையில் பயிற்சி எடுத்த சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு வருடமும் விர்ஜினியாவுக்காக என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஸ்காலர்ஷிப்பைத் தாண்டி ஆசைப்படவே வழியில்லை. இன்றைக்குச் சென்னையிலிருந்து வரும் பையனுக்குப் பக்கத்து லாக்கர்க்காரன் காசு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. கஷ்டம்தான், தெரியும்.

நம்மவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது, எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவி, கணவன், குழந்தைகளுக்கான விசா. மூன்று வயதில் வந்து இங்கேயே வளர்ந்த குழந்தை, பேச்செல்லாம் டெக்சஸ் பேச்சு, க்ரீன் கார்டு வரிசையில் அப்பா பன்னிரண்டு வருடமாக நிற்கிறார். அந்தப் பிள்ளைக்கும் வேலை செய்ய அனுமதி இல்லை, எச்-4 வேலை அட்டை மனைவி அல்லது கணவனுக்குத்தான். "அது பாஸிவ் இன்கம், ஒண்ணும் ஆகாது" என்று கோச் சொன்னாராம், அதாவது வேலை செய்யாமல் வரும் வருமானமாம். கோச் குடியேற்ற வக்கீலா? நானும் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வக்கீலிடம் அனுப்புகிறேன், கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தையும் முதலில் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரு போஸ்ட்கூட வேண்டாம், இலவச ஷூவுக்காகக்கூட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒப்பந்தங்களைப் பற்றிக் கொஞ்சம். கெர்வன் டெக்ஸ்டர் என்ற ஃப்ளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் 2022-ல் ஒரு கம்பெனியிடம் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, தொழில்முறை லீகான என்எஃப்எல் போனால் 25 வருடத்துக்கு வருமானத்தில் 15 சதவீதம் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டார். அதுவும் வரிக்கு முந்தைய வருமானத்தில். பிறகு கோர்ட்டுக்குப் போனார். பிள்ளைக்கு வரும் காகிதத்தில் "எதிர்கால வருமானம்", "நிரந்தர உரிமை" என்ற வார்த்தைகள் இருந்தால் பேனாவை மூடுங்கள். வெளியாள் தரும் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் இந்த ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் என்ஐஎல் கோ தளத்தில் ஐந்து வேலை நாளுக்குள் பதிய வேண்டும், அதையும் மறக்கிறார்கள். நன்கொடை டிரஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வரும் கலெக்டிவ்களில் (ரசிகர்களிடம் பணம் திரட்டி ஆட்டக்காரர்களுக்குத் தரும் குழுக்கள்) பலவற்றுக்கு வரிவிலக்குத் தகுதியே இருக்காது என்று ஐஆர்எஸ் வக்கீல் அலுவலகம் 2023-லேயே எழுதிவிட்டது, அதனால் "எங்களுக்கு கவர்மெண்ட் அங்கீகாரம் இருக்கு" என்ற பேச்சில் மயங்காதீர்கள்.

வருகிற ஒவ்வொரு செக்கிலும் 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், கொஞ்சம் மிஞ்சினாலும் நல்லதுதான். ரசீதுகளை வையுங்கள். ஏஜென்ட் கமிஷன், போட்டோ எடுத்த செலவு, ஷூட்டுக்குப் போன பெட்ரோல் எல்லாம் கழியும், முடி வெட்டிய செலவு கழியாது. காரை அப்புறம் வாங்குங்கள். என்னிடம் வருவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் வாருங்கள், மார்ச் கடைசியில் வராதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஐஆர்எஸ் தவணைத் திட்டம் போட்டுக் கொடுத்தேன். ஜூன் 14 இரவு போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது, புதிதாகத் தொடங்கிய சேமிப்புக் கணக்கு, அதற்கு அவள் வைத்திருந்த பெயர் "தொடாதே". கீழே ஒரு கேள்வி: "அங்கிள், ஒரு ப்ரோட்டீன் பவுடர் கம்பெனி ரெண்டு டப்பா ஃப்ரீயா அனுப்பி, ஒரு ஸ்டோரி மட்டும் போடச் சொல்றாங்க. இதையும் எழுதி வைக்கணுமா?"

எழுதி வைக்கணும்மா.