சிவப்பணுவின் கார்பன் கணக்கு

மலேரியாவுக்கு பிரைமாகுயின் எழுதுமுன் மருத்துவர் ஏன் ஜி6பிடி சோதனை கேட்கிறார், அது சர்க்கரை நோய்ச் சோதனையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சர்க்கரை நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. சர்க்கரைக்கு உண்டு.

குளுக்கோஸ் கிளைகாலிசிஸ் என்ற பாதையில் உடைந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி தருவது பள்ளியில் படித்ததுதான். அந்தப் பாதையின் தொடக்கத்திலேயே பென்டோஸ் பாஸ்பேட் வழி என்றொரு கிளை பிரிகிறது. அதன் முதல் படியை நடத்தும் நொதிதான் ஜி6பிடி. இங்கே ஏடிபி கிடையாது. ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு என்ஏடிபிஹெச் (எலெக்ட்ரான்களைச் சுமந்து கொடுக்கும் மூலக்கூறு) கிடைக்கும். ஒரு கார்பன் கரியமில வாயுவாகப் போய், ஐந்து கார்பன் சர்க்கரை மிஞ்சும்.

மற்ற செல்கள் அதை வைத்து டிஎன்ஏ, ஆர்என்ஏ கட்டும். சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லை. வேண்டியது என்ஏடிபிஹெச் மட்டும். ஆக்சிஜன் சுமக்கும் வேலையில் உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக்கொண்டே இருக்கும். அதை முறிக்கிற குளூட்டாதயோனைப் புதுப்பிப்பது என்ஏடிபிஹெச்தான்.

சரி, மிஞ்சிய சர்க்கரை? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஐந்து கார்பன் சர்க்கரை மூன்றை எடுத்துக்கொள்வோம், மொத்தம் 15 கார்பன். டிரான்ஸ்கீட்டோலேஸ் என்ற நொதி ஓர் ஐந்திலிருந்து இரண்டைப் பிய்த்து இன்னோர் ஐந்தில் ஒட்டும்: 3, 7. டிரான்ஸால்டோலேஸ் என்ற இன்னொரு நொதி அந்த ஏழிலிருந்து மூன்றை எடுத்து மூன்றோடு சேர்க்கும்: 6, 4. காத்திருக்கும் மூன்றாவது ஐந்திலிருந்து இரண்டு அந்த நாலுக்குப் போகும்: 3, 6. ஆக, இரண்டு ஆறு, ஒரு மூன்று. எல்லாமே கிளைகாலிசிஸ் ஏற்கும் சர்க்கரைகள். அந்தப் பதினைந்தில் ஒரு கார்பன்கூட வீணில்லை!

இந்த ஜி6பிடி குறைவாகப் பிறந்தவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கே அதிகம். சாதாரண நாட்களில் சமாளித்துவிடுவார்கள். பிரைமாகுயினோ, பச்சிளங்குழந்தையின் துணியில் அந்துருண்டையோ சேர்ந்தால் பெராக்சைடு சுமை கூடி, அதை முறிக்க என்ஏடிபிஹெச் போதாமல் சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் கறுக்கும், கண் மஞ்சளாகும். உட்கரு இல்லாத அணுவால் புது நொதி செய்ய முடியாது என்பதால் வயதானவைதான் முதலில் உடையும். இளசுகள் தாக்குப்பிடிப்பதால், லேசான வகைகளில் காமாலை பல நேரம் தானாகவே வடிந்துவிடும். பெயர் மந்திரித்தவருக்குப் போகும். பெரியவர்கள் விஷயத்தில் எரிச்சலோடு விட்டுவிடலாம். பச்சிளங்குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கும். அங்கே மந்திரிப்பதற்காகக் கடத்தும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

இன்னொன்று: அணுக்கள் உடைந்த சமயத்தில் சோதித்தால், நொதி நிறைந்த இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் முடிவு சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.