ஜீரோ வைத்தல்: துப்பாக்கிக்காரர்களின் ஜீரோவுக்குத் தமிழ் என்ன?

செங்கோட்டையில் மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வரி ஒன்று உண்டு: "அண்ணே, ஜீரோ வச்சுட்டுப் போடுங்க." கொல்லத்திலிருந்து ஆரியங்காவு, புளியரை வழியாக விடியுமுன் வந்திறங்கிய சாளை பெட்டியில் பளபளத்துக்கொண்டிருக்கும். கடைக்காரர் மின் தராசில் காலித் தட்டை வைப்பார். 380 கிராம் என்று காட்டும். ஒரு பொத்தானை அமுக்குவார், எண் 0 ஆகிவிடும். தட்டு அங்கேயேதான் இருக்கிறது, அதன் எடையும் எங்கும் போய்விடவில்லை. கணக்கு இனி அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, அவ்வளவுதான்.

துப்பாக்கி சுடுகிறவர்கள் சொல்லும் ஜீரோவும் இதே ஜீரோதான். இது தெரியாமல் நான் ஒரு வாரம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் என்.சி.சி. முகாம். .22 ரைபிள், தரையில் படுத்தபடி ஐந்து முறை சுட வேண்டும். மூச்சை அடக்கி, சொல்லிக்கொடுத்தபடியே சுட்டேன். தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஐந்து ஓட்டைகளையும் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து மூடிவிடலாம். ஆனால் அந்த எலுமிச்சம்பழத்தை வைக்க வேண்டிய இடம் வட்டங்களுக்கெல்லாம் வெளியே, கீழே இடது மூலையில். மதிப்பெண் 0. பயிற்சி கொடுத்தவர் தாளைப் பார்த்து, "ஜீரோ இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். ஜீரோ வாங்கியவனிடம் ஜீரோ இல்லை என்றால் என்ன அர்த்தம்?

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா, ஊருக்கு வந்ததும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, முட்டை வாங்கினது நீ இல்லலே, ரைபிளு. அஞ்சும் கொத்தா ஒரே இடத்துல விழுந்திருக்குன்னா உன் கை நல்லாத்தான் இருக்கு. அந்த ரைபிளுக்கு யாரும் ஜீரோ வைக்கல. அம்புட்டுதான்."

சொல்லின் பொருள் இதுதான். நாம் பார்க்கிற இடமும் குண்டு போய் அடிக்கிற இடமும், ஒரு குறிப்பிட்ட தொலைவில், ஒன்றாக இருக்கும்படி துப்பாக்கியின் குறிபார்க்கும் பகுதியைத் திருத்தி வைப்பது. 'ஜீரோ வைத்தல்' என்றால் இந்த வேலை. 'என் ஜீரோ 100 மீட்டர்' என்றால் அந்த இரண்டும் ஒன்றாகும் தொலைவு. முதலாவது வினை, இரண்டாவது பெயர். தமிழில் சொல் தேடும்போது இரண்டுக்கும் இடம் வேண்டும்.

ஏன் ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டும்? நம் பார்வை நேர்கோட்டில் போகிறது, குண்டு அப்படிப் போவதில்லை. குழலை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்தே அது கீழே விழத் தொடங்கிவிடுகிறது. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டரைக் கடக்க 0.4 வினாடிக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆகும், ஏனென்றால் காற்று வழியெல்லாம் வேகத்தைத் தின்கிறது. 0.4 வினாடியில் எந்தப் பொருளும், அது குண்டோ தேங்காயோ, 78 செ.மீ. விழும். அதனால் பார்வைக் கோட்டைவிடக் குழல் மிக மிகச் சிறிதளவு மேல்நோக்கி இருக்கும்படி அமைக்கிறார்கள். குண்டின் வளைவு, பார்வைக் கோட்டைப் பொதுவாக இரண்டு இடங்களில் வெட்டும்: கிட்டத்தில் மேலேறும்போது ஒன்று, தொலைவில் இறங்கும்போது இன்னொன்று. அந்தத் தொலைவான வெட்டுதான் ஜீரோ. அதற்கு முன்னால் குண்டு குறிக்கு மேலே போகும், அதைத் தாண்டினால் கீழே.

(இங்கே ஒரு சின்னத் திருத்தம். 'தோட்டா பறந்தது' என்று எல்லோரும் எழுதுகிறோம். தோட்டா என்பது உறை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப்பொருள். பறப்பது குண்டு மட்டும். உறை சுட்டவர் காலடியில் கிடக்கும்.)

செங்கோட்டை என்றதும் துப்பாக்கிப் பேச்சில் வாஞ்சிநாதன் வராமல் இருக்க மாட்டார். 1911 ஜூன் 17, மணியாச்சி. அது கைத்துப்பாக்கி, ரயில் பெட்டிக்குள் நடந்தது. ஜீரோவுக்கு அங்கே வேலை இல்லை. மலையடிவாரத்து நாட்டுத் துப்பாக்கிக்கும் ஜீரோ கிடையாது, ஆனால் காரணம் வேறு. அதன் குழல் உள்ளே வழவழப்பானது. மருந்தையும் ரவையையும் கெட்டித்துச் சுட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும். ஒரே இடத்தில் விழாததை எந்த இடத்துக்கு நகர்த்துவது?

ரைபிள் அப்படியல்ல. அந்தப் பெயரே குழலின் உட்புறத்தில் வெட்டியிருக்கும் திருகலான வரிப்பள்ளங்களால் வந்தது. அவை குண்டைப் பம்பரம்போலச் சுழற்றி அனுப்புகின்றன, சுழல்வதால் அது தள்ளாடாமல் போகிறது. இதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: புரி. கயிற்றின் புரி, சங்கின் புரி. ரைபிளைப் 'புரித்துப்பாக்கி' என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான ரைபிள்களில் பள்ளம் வலப்பக்கமாகத் திருகுகிறது. சங்கில் அரிதாகக் கிடைக்கும் வலம்புரி, ரைபிளில்தான் மலிவு.

சரி, ஜீரோவின் பிறப்புக்கு வருவோம். வடமொழியின் 'சூன்யம்' அரபியில் 'சிஃப்ர்' ஆனது, வெறுமை என்ற பொருளில். அது லத்தீனில் 'செஃபிரம்' ஆகி, இத்தாலியில் சுருங்கி 'ஜீரோ' ஆனது. அதே 'சிஃப்ர்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சைபர்' ஆனது. நம் பாட்டன்மார் "கணக்குல சைபர்" என்றதும் நாம் "ஜீரோ" என்பதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நம் எல்லைகளிலும் இதே கூத்துதான். மலையாளத்தில் பூஜ்யம், தெலுங்கில் சுன்னா, நம்மிடம் இரண்டும் போதாதென்று சுழியம். செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். ஆகவே எங்களுக்குப் பூஜ்யம் எந்தப் பக்கத்துச் சொல் என்று யோசிக்கவே தோன்றாது.

துப்பாக்கியில் இந்தச் சொல் எப்படி ஏறியது என்பதை, தொலைநோக்கி பொருத்திய ரைபிளைக் கையில் எடுத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். தொலைநோக்கியின் மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு திருகுகள் இருக்கும். திருகைச் சுற்றி எண்கள். திருத்தி முடித்ததும், எண் வளையத்தைத் தளர்த்தி '0' நேராக வரும்படி வைத்து இறுக்கிவிடுவார்கள். இனி தொலைவுக்குத் தக்கபடி எத்தனை சொடுக்கு ('கிளிக்') திருப்பினாலும், திரும்பி வர வேண்டிய வீடு அந்த 0. மீன்கடைத் தராசின் 0-வும் இதுவே. இன்மை என்ற பொருள் இரண்டிலும் இல்லை, எண்ணத் தொடங்கும் இடம் என்ற பொருள்தான் இருக்கிறது.

இதனால்தான், ஜீரோ வைத்தலை நேராக மொழிபெயர்த்துச் 'சுழியமாக்கல்' என்பது எனக்கு உவப்பாக இல்லை. எண்ணை மொழிபெயர்த்திருக்கிறது, வேலையை விட்டுவிட்டது. போதாக்குறைக்கு, ரைபிள் பக்கத்தில் நின்று 'சுழி' என்றால் கேட்கிறவர் குழலுக்குள் இருக்கும் திருகலைத்தான் நினைப்பார். 'பூஜ்யப்படுத்தல்' இன்னும் மோசம், துப்பாக்கியையே ஒழித்துக்கட்டியதுபோல் இருக்கிறது.

வேலையின் நடுவில் நிற்கும் சொல் 'குறி'. அடையாளம், இலக்கு, குறத்தி சொல்லும் குறி எல்லாம் ஒன்றே. தெலுங்கில் 'குரி' என்பதும் இதே வேர்தான். மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், 'உன்னம்' என்பார்கள், 'உன்னம் தெற்றி' என்றால் குறி தப்பியது. நமக்கும் அது அன்னியமாகப் படவில்லை: உன்னுதல் என்றால் நினைத்தல், 'உன்னிப்பாகப் பார்' என்று இன்றும் சொல்கிறோம். என்.சி.சி.யில் ஆணைகள் இந்தியில் வரும், அங்கே இதற்கு 'சிஸ்த்'. ஆக ஒரு செங்கோட்டைப் பையன் குறி, உன்னம், சிஸ்த், எய்ம் என்று நான்கையும் கேட்டே வளர்கிறான்.

குறியை என்ன செய்வது? நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கிறார். மிருதங்கக்காரர் கல்லால் தட்டித் தட்டிச் சேர்க்கிறார். கருவி தரும் ஒலியும் வேண்டிய ஒலியும் ஒன்றாகும்வரை சிறிது சிறிதாகத் திருத்துவதைத் தமிழில் 'சேர்த்தல்' என்றே சொல்லிவந்திருக்கிறோம். ரைபிளுக்கும் அதுவே பொருந்துகிறது: குறி சேர்த்தல். பெயராகக் 'குறி சேர் தொலைவு'. சுருதி கலைவதுபோலக் குறியும் கலையும். வேறு எடையுள்ள குண்டுக்கு மாறினால், தொலைநோக்கி ஒரு தட்டுத் தட்டினால், மறுபடி சேர்க்க வேண்டும். இத்தனையையும் 'சுழியமாக்கல்' தாங்காது.

மாமா சொல்லிக்கொடுத்த முறை இது. துப்பாக்கியை மணல்மூட்டையில் சாய்த்து, மாறாமல் ஒரே புள்ளியைப் பார்த்து மூன்றோ ஐந்தோ சுடு. பாதி மூச்சை விட்டு நிறுத்து. விசையைச் சுண்டாதே, எலுமிச்சை பிழிகிற மாதிரி மெல்ல அழுத்து, எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியக் கூடாது. அப்புறம் தாளைப் பார். ஓட்டைகள் சிதறியிருந்தால் திருகைத் தொடாதே, கோளாறு உன்னிடம். கொத்தாக விழுந்து, இடம் மட்டும் தப்பியிருந்தால் திருகைத் தொடு. ஒற்றை ஓட்டையை நம்பித் திருகுகிறவன் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பான்.

எவ்வளவு திருப்புவது என்பது கோணக் கணக்கு. ஒரு பாகையில் 60 கலை. ஒரு கலை என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ. பல தொலைநோக்கிகளில் ஒரு சொடுக்கு கால் கலை, அதாவது அங்கே 7 மி.மீ. அளவு. வேறு சிலவற்றில் 'மில்' கணக்கு: 100 மீட்டரில் ஒரு மில் 10 செ.மீ., ஒரு சொடுக்கு அதில் பத்தில் ஒன்று, அதாவது 1 செ.மீ. கொத்து 6 செ.மீ. கீழேயும் 4 செ.மீ. இடதுபுறமும் விழுந்தால், 6 சொடுக்கு மேலே, 4 சொடுக்கு வலது. தொலைநோக்கி இல்லாத ரைபிளில் பின்னால் உள்ள குறித்துளையை, குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும். குழல் நுனியில் உள்ள முனையை நகர்த்துவதானால் எதிர்ப்பக்கம். இதில் தடுமாறாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

போட்டிகளிலும் இதற்கு நேரம் ஒதுக்குகிறார்கள். 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர்தான், கடுகுகூட அதைவிடப் பெரியது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவது அதைத்தான். கணக்கில் சேரும் முதல் குண்டுக்கு முன்னால் 15 நிமிடம் கொடுப்பார்கள், கணக்கில் சேராமல் சுட்டுப் பார்த்துக் குறி சேர்த்துக்கொள்ள.

தொலைவு கூடக்கூட எங்கள் ஊரில் வேறொரு சிக்கல், காற்று. ஆனி, ஆடியில் ஆரியங்காவு இடைவெளி வழியாகச் சாரலோடு வருகிற காற்று தென்னை மட்டைகளை எல்லாம் கிழக்கே சீவி விட்டதுபோல் வைத்திருக்கும். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 300 மீட்டரில் ராணுவ ரைபிள் குண்டை ஏறக்குறைய ஒரு சாண் தள்ளிவிடும். அந்தக் காற்றில் குறி சேர்த்தால் காற்றையும் துப்பாக்கிக்குள் வைத்துத் திருகியதாகிவிடும், காற்று நின்ற நாளில் எல்லாம் மறுபக்கம் போகும். ஆகவே காற்று எழும்பாத விடிகாலையில்தான் குறி சேர்க்க வேண்டும். காற்றுக்கான திருத்தம் அன்றன்றைக்கு வேறு.

'குறி சேர்த்தல்' என்ற சொல்லை மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

"நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா ரேஞ்சுல நின்னு 'குறி சேர்ந்துட்டா'ன்னு கேட்டா, பக்கத்துல படுத்திருக்க புனலூர்க்காரன் முழிப்பானே?"

"அவன்கிட்ட உன்னம்னு சொல்லுங்க மாமா."

"சரி, அந்தப் பக்கத்து ஹரியானாக்காரன்?"

"அவன்கிட்ட ஜீரோன்னே சொல்லிருங்க."