மஸ்கடைன் ஒயின்: தோல், தண்ணீர், சர்க்கரை

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டோரங்களிலும் வேலிகளிலும் தானாகப் படரும் திராட்சைக் கொடி மஸ்கடைன். நாம் வழக்கமாகக் கேள்விப்படும் ஒயின்கள் ஐரோப்பியத் திராட்சையில் தயாராகின்றன. அதற்கு 38 குரோமோசோம்கள், மஸ்கடைனுக்கு 40. அந்தப் பகுதியின் ஈர வெப்பத்தில் ஐரோப்பியக் கொடிகளைக் காய்ந்துபோகச் செய்யும் பியர்ஸ் நோய், மஸ்கடைனைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. கொத்துக்குச் சில பழங்கள்தான் இருக்கும். அவையும் ஒரே நாளில் பழுக்காமல் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிரும். ஒயினுக்கு அதிகம் பயிராவது வெண்கல நிறக் கார்லோஸும் கருநிற நோபிளும்.

ஐரோப்பியத் திராட்சைக்கான செய்முறையை அப்படியே பின்பற்றினால் மஸ்கடைனில் நல்ல ஒயின் வராது. முதல் காரணம் சர்க்கரை. நன்கு பழுத்த மஸ்கடைன் சாறே பெரும்பாலும் 14 முதல் 17 பிரிக்ஸ் வரைதான் காட்டும் (பிரிக்ஸ் என்பது 100 கிராம் சாற்றில் சுமார் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு). லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் அதை 1 சதவீத ஆல்கஹாலாக்கும். அந்தக் கணக்கில் 15 பிரிக்ஸ் சாறு 9 சதவீதத்தைத் தாண்டாது. அந்த ஒயின் நீண்ட நாள் தாங்காது. அடுத்தது தோல். கெட்டியான அந்தத் தோலில் புளிப்பும் துவர்ப்பும் அதிகம், மணமும் அங்கேதான் குவிந்திருக்கிறது. சதையிலோ பெக்டின் என்ற பசைப்பொருள் நிறைய. பிழிந்தால் சாறு வழுவழுவென்று வரும், எளிதில் தெளியாது.

ஆகவே வீட்டில் ஒயின் போடுபவர்கள் தண்ணீரும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். பழத்தை மிச்சப்படுத்தும் தந்திரம் என்று இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தண்ணீர் புளிப்பையும் கடுமையான மணத்தையும் தணிக்கிறது, சர்க்கரை ஆல்கஹாலை உயர்த்துகிறது. ஆனால் ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜன் சத்தும் தண்ணீரால் நீர்த்துவிடும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும்; ஒயினில் அழுகிய முட்டை நாற்றம் வருவது இதனால்தான். ஈஸ்ட் சத்துப்பொடியைத் தவிர்க்கவே கூடாது.

ஒரு அமெரிக்க கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, 2.7 கிலோ பழம், 2 லிட்டர் தண்ணீர், 700 கிராம் சர்க்கரை, ஒரு கேம்ப்டன் மாத்திரை (கிருமிகளை அடக்கும் சல்ஃபைட் மாத்திரை), பெக்டினைச் சிதைக்கும் பெக்டினேஸ் நொதி அரைத் தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டி சத்துப்பொடி, ஒரு பொட்டலம் ஒயின் ஈஸ்ட் போதும். ஈஸ்ட்டில் 71பி என்ற வகை பொருத்தமானது. நொதிக்கும்போது பழத்தின் புளிப்பு அமிலங்களில் ஒன்றான மாலிக் அமிலத்தில் ஒரு பங்கைத் தின்று புளிப்பைக் குறைக்கும்.

பூசணம் பிடித்தவற்றையும் காயையும் கழித்துவிட்டு, பழத்தைக் கழுவி நைலான் பையில் போட்டு நசுக்கவும். கையுறை அவசியம், வெறுங்கையில் பிசைந்தால் அரிப்பெடுக்கும். மிக்ஸியில் அரைக்க வேண்டாம். விதை உடைந்தால் வரும் கசப்பைப் பின்னால் எதைக் கொண்டும் எடுக்க முடியாது. மூடியுள்ள உணவுத்தர பிளாஸ்டிக் வாளியில் பையை வைத்து, சர்க்கரை கரைத்த நீரை ஆறவிட்டு ஊற்றி, பொடித்த மாத்திரையைக் கலக்கவும். அதிலிருந்து வரும் சல்ஃபர் டையாக்சைடு, தோலில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கும். 12 மணி நேரம் கழித்து நொதி, மேலும் 12 மணி நேரம் கழித்து சத்துப்பொடியும் ஈஸ்ட்டும். நொதியை முதலிலேயே போடுவதற்குக் காரணம், ஆல்கஹால் ஏற ஏற அதன் வேலை மந்தமாகிவிடும்.

சாற்றின் அடர்த்தியைக் கொண்டு சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஈஸ்ட் போடுவதற்குச் சற்று முன் மிதக்கவிடுங்கள் (வெறும் தண்ணீரில் அது 1.000 காட்டும்). நசுக்கியதும் அளந்தால் தோலுக்குள் இன்னும் சாறு தங்கியிருப்பதால் அளவு குறைவாகக் காட்டும். அதை நம்பிச் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் பலர். ஒரு நாள் ஊறியபின் பையைப் பிழிந்து, கலக்கி, பிறகு அளக்கவும். 1.085 முதல் 1.090 வரை இருந்தால் 12 சதவீத ஆல்கஹாலை ஒட்டி வரும். அமிலத்தையும் டைட்ரேஷன் கருவியால் பார்த்துவிடுவது நல்லது: லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் வரை சரி. அதற்குக் கீழே போனால் தண்ணீர் கூடிவிட்டது. டார்டாரிக் அமிலம் சேர்த்து ஈடுகட்டலாம்.

நொதித்தல் தொடங்கியதும் கார்பன் டையாக்சைடு தோலை மேலே தள்ளும். தினம் இருமுறை பையை அமுக்கி நனைக்காவிட்டால் உலர்ந்த மேற்பரப்பில் அசிட்டிக் பாக்டீரியா குடியேறி ஒயினை வினிகராக்கிவிடும். அதைச் சுமந்து வருவது பழ ஈ, எனவே மூடி இறுக்கமாக இருக்கட்டும். 18 முதல் 24 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு நாளில் அளவு 1.015 அருகே இறங்கும். அப்போது பையை எடுத்து மென்மையாகப் பிழிந்து, கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) பொருத்தவும். மூன்று வாரம் கழித்து வண்டலைக் கலக்காமல் குழாயால் மேலொயினை மட்டும் வேறு குடுவைக்கு இறுத்து மாற்றவும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. குடுவையின் கழுத்துவரை ஒயின் நிறைந்திருக்க வேண்டும்.

நொதித்த ஒயினில் மெத்தனால் இருக்காதா என்ற அச்சம் பலருக்கு உண்டு. பெக்டினிலிருந்து சிறிதளவு உண்டாவது உண்மைதான். காய்ச்சி வடிக்காத பழ ஒயினில் அது ஆபத்தான அளவை எட்டுவதில்லை. கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணம் அதில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனால். சட்டம் வேறு விஷயம்: அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை சொந்தத் தேவைக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் தயாரிப்பது குற்றம்.

அளவு 0.996-க்குக் கீழே இறங்கிச் சில வாரம் அசையாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது. மஸ்கடைன் ஒயினை இனிப்பாகக் குடிப்பதே அந்தப் பகுதி வழக்கம். தெளிந்த ஒயினில் நேரடியாகச் சர்க்கரை போட்டால் மிச்சமிருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு பாட்டிலையே வெடிக்க வைக்கும். முதலில் ஈஸ்ட்டைப் பெருகவிடாத பொட்டாசியம் சார்பேட் அரைத் தேக்கரண்டி, கூடவே ஒரு கேம்ப்டன் மாத்திரை. சார்பேட்டை மட்டும் போட்டால் லாக்டிக் பாக்டீரியா அதைச் சிதைத்து ஜெரேனியம் இலை வாடையைக் கொண்டுவரும். அந்த வாடை போகவே போகாது.

நோபிள் போன்ற கருநிற வகையில் சிவப்பு நீடிக்காது. அதற்கு நிறம் தரும் ஆந்தோசயனின்கள் இரண்டு குளுக்கோஸ் ஏந்திய டைகுளுக்கோசைடு வகை. ஐரோப்பியச் சிவப்பு ஒயினைப் போல் துவர்ப்புப் பொருளான டானினோடு பிணைந்து நிலைபெறாமல், ஆக்ஸிஜன் பட்டுப் பழுப்பாகும். குளிர்ந்த இருட்டில் வைத்து, ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிடுவதே உத்தமம்.