பஷ்மினா: ஆட்டின் உள்முடி சால்வையாவது எப்படி?

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை குளிரும் அந்த வெட்டவெளியில், சாங்பா நாடோடி மேய்ப்பர்கள் வளர்க்கும் ஆடுகளுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. வெளியடுக்கு நீண்டது, முரடானது. பனியையும் காற்றையும் தடுப்பது அதன் வேலை. அதற்கடியில், வேறுவகை மயிர்க்கால்களிலிருந்து, பஷ்மினா எனப்படும் மிக மெல்லிய உள்முடி முளைக்கிறது. பகற்பொழுதின் நீளம் மாறுவதை ஹார்மோன்கள் வழியே உணரும் ஆட்டின் உடல், கோடையின் நடுவிலிருந்து இதை வளர்த்து வசந்தத்தில் உதிர்க்கிறது. உதிரும் பருவத்தில் அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். கத்தரித்தால் முரட்டு முடியும் சேர்ந்து வந்துவிடும்.

இந்த இழையின் விட்டம் 12 முதல் 16 மைக்ரான் (மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்). மனிதத் தலைமுடியோ பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல். சால்வையின் கதகதப்புக்கும் மென்மைக்கும் இந்த நுண்மையே காரணம். உண்மையில் நம்மைச் சூடாக வைத்திருப்பது முடி அல்ல, முடிகளுக்கிடையே அசையாமல் சிக்கி நிற்கும் காற்று. இழை மெலிய மெலிய, அதே எடைக்குள் அதிக இழைகள் அடங்கி, காற்றைப் பிடித்து நிறுத்தும் பரப்பும் கூடுகிறது. மேலும், ஓர் இழையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், விட்டம் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். தோலைத் தொட்டவுடன் வளைந்துகொடுக்கும் இழை குத்துவதில்லை.

சாங்பாக்கள் தமக்கென நெய்துகொள்ளும் துணிகளில் பெரும்பாலானவை வேறு முடியால் ஆனவை. பெண்கள் இடுப்போடு பிணைத்த தறியில் செம்மறிக் கம்பளியை நெய்கிறார்கள். கூடாரத் துணிக்குக் கவரிமா முடி பயன்படுகிறது. பஷ்மினா எப்போதும் பண்டமாற்றுக்கும் அரசியலுக்கும் உரிய பொருளாகவே இருந்திருக்கிறது. 1684இல் லடாக்கின் திங்மோஸ்காங்கில் ஏற்பட்ட உடன்படிக்கை மேற்குத் திபெத்தின் பஷ்மினா முடி லடாக் வழியாகவே காஷ்மீருக்குப் போக வேண்டும் என்று வரையறுத்தது. 1846ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் உடன்படிக்கையோ, ஜம்மு-காஷ்மீர் மன்னர் குலாப் சிங் ஆண்டுதோறும் ஆங்கிலேயருக்கு ஒரு குதிரையையும், பன்னிரண்டு சால்வை ஆடுகளையும், மூன்று இணைக் காஷ்மீர்ச் சால்வைகளையும் கப்பமாகத் தர வேண்டும் என்று விதித்தது. ஆடுகள் ஓர் அரசின் கப்பப் பட்டியலில் ஏறியது, இந்த முடியின் மதிப்பு எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

காஷ்மீருக்கு வந்த முடியிலிருந்து முரட்டு இழைகளைப் பெண்கள் கையால் பிரித்தெடுத்து, எண்ணெய்ப்பசையை உறிஞ்ச அரிசி மாவைத் தூவி, 'யிந்தர்' எனப்படும் ராட்டையில் நூற்கிறார்கள். குட்டையான, வழுக்கும் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது முறுக்கு மட்டுமே. முறுக்கு குறைந்தால் நூல் அறும், மிகுந்தால் விறைக்கும்; இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவை விரல் நுனிதான் உணர்கிறது. தறியில் நீளவாக்கில் கட்டப்படும் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றிய பிறகே அது தறியின் இழுப்பைத் தாங்குகிறது.

நெசவில் வியப்புக்குரியது கானி முறை. இதில் குறுக்காக ஓடும் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஒவ்வொரு நிறமும் தனித்தனி மரக் குச்சியில் சுற்றப்பட்டு, தனக்குரிய இடத்தில் மட்டும் பாவில் நுழைந்து திரும்புகிறது. எத்தனை பாவு இழைகளுக்கு எந்த நிறம் என்பதைத் 'தாலிம்' என்ற குறியீட்டுச் சுவடி வரிவரியாகச் சொல்ல, நெசவாளர் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்கிறார். நுணுக்கமான வேலைப்பாட்டில் ஒரு நாளில் சில சென்டிமீட்டர் துணியே வளரும்.

விசை இயந்திரங்களின் வேகத்தைத் தனிப் பஷ்மினா நூல் தாங்குவது கடினம். ஆகவே நைலான் கலந்து நூற்று நெய்து, பின்னர் அமிலத்தால் நைலானைக் கரைத்துவிடும் வழக்கம் வந்தது. அமிலம் பஷ்மினாவின் வலுவையும் குறைத்துவிடுகிறது. காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் கிடைத்த புவிசார் குறியீடு, 16 மைக்ரானுக்கு மிகாத இழையைக் கையால் நூற்று, கையால் நெய்ததற்கு மட்டுமே உரியது.