வீட்டு சோலாருக்கு மானியம் உண்டு, பேட்டரிக்கு?

சித்தி வீட்டு மொட்டை மாடிக்கு சோலார் போட ஒரு கொட்டேஷன் வந்திருந்தது. 3 கிலோவாட் பேனல், 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி, கடைசி வரியில் "மானியம் ரூ.78,000". "பேட்டரியோட சேர்த்துப் போட்டாத்தான் மானியம் முழுசா வருமாம்ப்பா" என்றார் சித்தி. அப்படி ஒரு விதியே கிடையாது.

மானியம் தருவது மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒதுக்கீடு ரூ.75,021 கோடி, இலக்கு ஒரு கோடி வீடுகள், காலம் 2026-27 நிதியாண்டு வரை. பெயரில் "இலவச மின்சாரம்" என்று இருப்பதால் பேனலை இலவசமாகக் கொடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்குப் பணம் நாம்தான் போட வேண்டும். அதில் ஒரு பங்கு திரும்ப வரும், கரண்ட் பில் குறையும். அவ்வளவுதான் அந்த "இலவசம்".

மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு ரூ.30,000 வீதம். மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000. ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். பேனலின் அளவு, பேனல் தரும் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சோலார் இன்வெர்ட்டரின் அளவு, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. பேட்டரி இந்தக் கணக்கில் எங்குமே வராது. போட்டுக்கொள்ளத் தடையில்லை, ஆனால் அதற்கென்று ஒரு ரூபாய்கூட மானியம் இல்லை. ஈபி லைனோடு இணைக்காமல் பேட்டரியை மட்டும் நம்பி ஓடும் தனி சோலாருக்கு இந்தத் திட்டத்தில் மானியமே கிடையாது.

சொந்தக் கூரை, வீட்டு உபயோக மின் இணைப்பு, சோலாருக்கு இதற்கு முன் மானியம் வாங்காமல் இருப்பது. இவைதான் தகுதி. பேனல்கள் உள்நாட்டு செல்லில் செய்தவையாக இருக்க வேண்டும். கடைக்காரர்கள் "டிசிஆர் பேனல்" என்பார்கள். அந்த வகைப் பேனல் இல்லையென்றால் மானியம் வராது, கொட்டேஷனில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும்.

இனி, போட்டால் கட்டுமா என்பது. இதைப் பேனலிடம் கேட்கக் கூடாது, பழைய கரண்ட் பில்லிடம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறிவிடும். 2024 ஜூலைக்குப் பிறகான கட்டணத்தில் மூன்று வீடுகளைப் பார்ப்போம். 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்கிறேன். விலை நான் வைத்துக்கொண்டது. உங்கள் கொட்டேஷனை அங்கே போட்டுப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் ரூ.235. வருடத்துக்கு 1,410. இந்த வீட்டுக்கு சோலார் வேண்டாம். மானியம் போக 40,000 ரூபாய் போட்டாலும் முதலை எடுக்க இருபத்தெட்டு வருடம் ஆகும்.

500 யூனிட் வீட்டின் பில் ரூ.1,805. 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 480 யூனிட் வரும், பில் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். வருடம் ரூ.10,830 மிச்சம். செலவு 1,30,000, மானியம் போக 70,000 என்றால் ஆறரை வருடம். பரவாயில்லை ரகம்.

800 யூனிட் வீடு, அதாவது இரண்டு ஏசி ஓடும் வீடு. பில் ரூ.4,770. 3 கிலோவாட் சுமார் 720 யூனிட் தரும். மீதி 80, அது இலவச 100க்குள் அடங்கிவிடும். வருடம் ரூ.28,620 மிச்சம். 1,90,000 செலவில் 78,000 மானியம் போனால் கைக்காசு 1,12,000. நாலே வருடத்தில் முதல் வந்துவிடும். மேல் அடுக்கில் ஒரு யூனிட் ரூ.9.45க்கு விற்கிறது, அதனால்தான் இந்த வேகம். (ஈபி லைனைப் பயன்படுத்துவதற்கென்று வாரியம் வலையமைப்புக் கட்டணம் பிடித்தால் மிச்சம் அந்த அளவு குறையும். வாங்கும் முன் உங்கள் மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

இந்தக் கணக்கு முழுவதும் நெட் மீட்டரை நம்பியது. பகலில் நாம் எரிக்காத கரண்ட் ஈபி லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து எடுப்போம், ரீடிங் எடுக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பார்கள். கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் சமம். யோசித்துப் பாருங்கள்: ஈபி லைனே உங்கள் பேட்டரி. அது தேயாது, பத்து வருடத்தில் மாற்ற வேண்டியதில்லை.

அப்படியிருக்க நிஜ பேட்டரி எதற்கு? சித்தியின் கொட்டேஷனில் இருந்த 5 யூனிட் பேட்டரிக்கு ஒரு லட்சம் என்று கொள்வோம். முழுக்கக் காலி செய்யக் கூடாது என்பதால் நாளுக்கு 4 யூனிட் கைக்கு வரும். பத்து வருடத்துக்கு 14,600 யூனிட். அதாவது ஒரு யூனிட்டை மத்தியானத்திலிருந்து ராத்திரிக்கு நகர்த்தி வைக்க மட்டும் ஏறக்குறைய ஏழு ரூபாய். போகும் வழியில் வீணாகும் கரண்ட் தனி. அதே வேலையை நெட் மீட்டர் சும்மா செய்கிறது. பில்லைக் குறைக்கத்தான் பேட்டரி என்று யாராவது சொன்னால், நெட் மீட்டர் உள்ள வீட்டுக்கு அது பொருந்தாது.

"அப்ப கரண்ட் போனா சோலார் ஓடாதாமே?" சித்தியின் அடுத்த கேள்வி இது. இதில் அவர் சொல்வது சரி. லைனில் கரண்ட் நின்றால் சாதாரண சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாதே. கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டுமானால், லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். அந்தச் செலவைச் சேமிப்புக் கணக்கில் எழுதாதீர்கள், வசதிக் கணக்கில் எழுதுங்கள்.

அந்த வசதி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்ஸில் ஒரு 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி இருக்கும். அந்த 150ஐ 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். பாதி வரை எடுத்தாலும் 0.9 யூனிட். இரண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு, வைஃபை எல்லாம் சேர்ந்து 200 வாட். நாலு மணி நேரம் தாங்கும். அரை மணி, ஒரு மணி கரண்ட் போகும் ஊரில் இதற்கு மேல் எதற்கு? நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் போகிற இடம், வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர், கரண்ட் நின்றால் வேலையே நிற்கும் தொழில், இவர்கள் கதை வேறு. அங்கே லித்தியம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

நாளை விதி மாறலாம் என்ற பயமும் நியாயமே. நாம் லைனுக்குத் தரும் யூனிட்டுக்குக் குறைந்த விலை போடும் முறை வந்தாலோ, பகலுக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை என்று வீட்டுக்கும் வந்தாலோ பேட்டரிக்கு வேலை வரும். அந்த யோசனை இருந்தால் இப்போது ஹைப்ரிட் இன்வெர்ட்டர் மட்டும் போட்டு, பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம்.

விண்ணப்பம் திட்டத்தின் தேசிய இணையதளத்தில். மின் இணைப்பு எண், சமீபத்திய பில், வங்கிக் கணக்கு போதும். 10 கிலோவாட் வரை, லைனில் இணைக்க முடியுமா என்று பார்க்கும் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே வாரியம் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்பது 2024இல் திருத்திய விதி. அங்கே பதிவு பெற்ற நிறுவனம்தான் பொருத்த வேண்டும். ஐந்து வருடப் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. 3 கிலோவாட் வரை ரூ.2 லட்சம் வரை அடமானம் இல்லாத வங்கிக் கடனும் உண்டு. வேலை முடிந்து, நெட் மீட்டர் மாட்டி, வாரியம் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே மானியம் வரும். அது நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நிறுவனத்தின் கணக்குக்குப் போகும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தி பேட்டரி இல்லாமல் வேறொரு கொட்டேஷன் கேட்டிருக்கிறார். பழைய யுபிஎஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும்.