டெப்ரி: உடைந்தது எதுவோ, அதற்கேற்ற தமிழ்ச்சொல்

ஒன்று இடிந்தோ உடைந்தோ சிதறியோ போன பிறகு எஞ்சிக் கிடப்பதை ஆங்கிலத்தில் டெப்ரி (debris) என்கிறார்கள். உடைத்தலைக் குறிக்கும் 'பிரிஸே' என்ற பிரெஞ்சு வினை இதன் வேர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சு வழக்கப்படியே கடைசி எழுத்துக்கு ஒலி இல்லை. எழுத்தைப் பார்த்துப் படிப்பதால்தான் 'டெப்ரிஸ்' என்கிறோம். எவ்வளவு குவிந்து கிடந்தாலும் ஆங்கிலத்தில் இது ஒருமைதான்.

தமிழில் பலரும் முதலில் சொல்லும் சொல் இடிபாடு. நல்ல சொல். குறைபாடு, வெளிப்பாடு போல, 'படு' என்பது 'பாடு' ஆகி அமைந்தது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, 'இடிபாடுகளில் சிக்கியவர்கள்' என்றே நாளிதழ்கள் எழுதின. வேறு எந்தச் சொல்லும் அங்கே பொருந்தாது. ஆனால் அதே சொல்லை விமானத்துக்கும் போடும்போது மனம் ஒப்பவில்லை. சுவர் இடியும், கரை இடியும், விமானம் இடியுமா? அது நொறுங்கும், சிதறும். காணாமல்போன மலேசிய விமானம் எம்எச்370-இன் இறக்கைப் பகுதி ஒன்று 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் கரையொதுங்கியது. அதைச் சிதைவு அல்லது உடைந்த பாகம் என்பதே சரி.

சிதிலம் என்பதையும் இடிபாட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். கோபுரத்தில் செடி முளைத்து, காரை உதிர்ந்து, இன்னும் நின்றுகொண்டிருக்கும் கோயில் சிதிலமடைந்தது. அது விழுந்து கல்லும் மண்ணுமாகக் கிடந்தால் இடிபாடு.

விண்வெளியில் மட்டும் குப்பை என்ற சொல்லை ஏற்கிறேன். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33, காஸ்மாஸ் 2251 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் மோதியதில், கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அவற்றோடு, உடையாமலே செயலிழந்து சுற்றும் செயற்கைக்கோள்களும் அந்தக் கணக்கில் சேர்வதால் 'விண்வெளிக் குப்பை' பொருத்தம்.

வீட்டை இடித்தவுடன் லாரியில் ஏற்றும் செங்கல், காரைத் துண்டுகளை வேலையாட்கள் 'ரப்பிஷ்' என்பார்கள். பள்ளமான மனையை மேடாக்க அதையே கொட்டுவார்கள். எழுத்தில் கட்டட இடிபாட்டுக் கழிவு என்று எழுதலாம். வெள்ளம் அடித்துவந்து பாலத்தடியில் அடைத்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் டெப்ரிதான்; நம் ஊரில் அதற்குப் பெயர் செத்தை.