222 என்பது கெபாசிட்டரின் முழுப்பெயர் அல்ல

"தொட்டால் சுரீரென்கிறது" என்ற புகாருடன் சென்ற வாரம் என் மேசைக்கு வந்த ஆம்ப்ளிஃபயர், இந்த ஆண்டில் இதே காரணத்துக்காக நான் திறந்த நான்காவது கருவி. அதன் பவர் சப்ளை போர்டில், மின்சாரம் நுழையும் பிரைமரிப் பக்கத்துக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் வெளியேறும் செகண்டரிப் பக்கத்துக்கும் நடுவே நீல நிற டிஸ்க் கெபாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிற டிஸ்க் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு, அதைச் சுற்றிக் கரிப்படலம். முகத்தில் 222, அதன் கீழே 3 கேவி, அதாவது 3000 வோல்ட். முன்பு அதைப் பழுதுபார்த்த இளைஞரை அழைத்துக் கேட்டேன். "பழசுலயும் 222தானே அண்ணா இருந்துச்சு? அது வெறும் 400 வோல்ட். நான் 3000 வோல்ட் போட்டிருக்கேன்" என்றார். அதைவிடப் பாதுகாப்பான ஒன்றைப் போட்டுவிட்டதாகவே அவர் நம்பியிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்ததும் அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

இலக்கங்களைப் படிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முதல் இரண்டையும் அப்படியே எழுதி, மூன்றாவது இலக்கம் எத்தனையோ அத்தனை சுழியங்களைச் சேர்த்தால் கிடைப்பது பிகோபேரட் அலகில் கெபாசிட்டரின் மதிப்பு. 222 என்றால் 2200 பிகோபேரட், அதாவது 2.2 நானோபேரட், 104 என்றால் 1,00,000 பிகோபேரட், அதாவது 0.1 மைக்ரோபேரட். இரண்டே இலக்கங்கள் இருந்தால் அதுவே பிகோபேரட் மதிப்பு. ஆகவே 22 என்பதும் 220 என்பதும் பெரும்பாலும் ஒரே 22 பிகோபேரட்தான். 220 பிகோபேரட் வேண்டுமென்றால் 221 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வரும் எழுத்தில்தான் முதல் சறுக்கல். 104கே என்பதில் உள்ள கே, கிலோ அல்ல. மதிப்பு பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதற்கான குறி அது. ஜே என்றால் ஐந்து சதவீதம், எம் என்றால் இருபது சதவீதம். இசட் என்றால் 80 சதவீதம் வரை கூடலாம், 20 சதவீதம் வரை குறையலாம். இத்தகைய ஒன்றை டைமர் சர்க்யூட்டில் போட்டுவிட்டு, நேரம் ஒத்துவரவில்லை என்று ஐசியை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பநிலைத் தன்மையைச் சொல்லும் ஒய்5வி என்ற குறி இருந்தால் இன்னும் மோசம்: வெப்பநிலை மாற்றத்தில் மட்டுமே அதன் மதிப்பு 82 சதவீதம் வரை இறங்கலாம். மதிப்பு நிலையாக இருக்க வேண்டிய இடத்தில் சி0ஜி அல்லது என்பி0 வகையைப் போடுங்கள்.

இப்போது அந்த 3000 வோல்ட்டுக்கு வருகிறேன். பழைய நீல டிஸ்க்கின் முகத்தில் 222எம், ஒய்1 என்ற பாதுகாப்பு வகைக் குறி, 400 வோல்ட், அதன் பக்கத்தில் அலைபோல் வளைந்த ஒரு சிறு கோடு, பிறகு வி.டி.இ., யு.எல். போன்ற அமைப்புகளின் அங்கீகார முத்திரைகள் என்று இடமே இல்லாமல் அச்சிட்டிருந்தது. அந்த வளைகோடு ஏசியைக் குறிக்கிறது. அது இல்லாமல் வெறுமனே 3 கேவி என்று இருந்தால் அது டிசி அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று ஒப்பிடுவதே தவறு. ஒய்1 டிஸ்க்கில் உள்ள 400 வோல்ட், அது ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டிய வேலை மின்னழுத்தம்; அது எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான எல்லை அல்ல. ஐ.இ.சி. 60384-14 தரநிலைப்படி ஒய்1 வகை 8000 வோல்ட் மின்துடிப்பையும், ஒய்2 வகை 5000 வோல்ட் மின்துடிப்பையும் தாங்கிக் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் தொடும் பக்கத்தைக் காப்பதற்காகவே, பழுதானாலும் ஷார்ட் ஆகிவிடாதபடி அவை வடிவமைக்கப்படுகின்றன. சாதாரண டிஸ்க் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. அது ஷார்ட் ஆனால் ஸ்பீக்கர் வயரிலும் உலோகப் பெட்டியிலும் நேராக மெயின்ஸ் வந்து நிற்கும்.

இலக்கத்தைத் தவறாகப் படித்தாலும் இங்கே தப்ப முடியாது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 222 வழியாகக் கசிவது சுமார் 0.16 மில்லியாம்பியர், 103 என்றால் 0.72, 104 என்றால் 7 மில்லியாம்பியருக்கு மேல், தொட்டவரின் தசை இறுகிக்கொள்ளப் போதுமான அளவு. மாறாக, சரியான 222 இருக்கும்போதும் மூன்றாவது பின், அதாவது எர்த் பின், இல்லாத கருவிகளில் லேசான கூச்சம் தெரியலாம், டெஸ்டரும் மினுங்கலாம். இதற்குப் பயந்து அந்தக் கெபாசிட்டரையே வெட்டி எடுத்துவிடும் வழக்கம் தனிக்கதை. இரைச்சலை அடக்க வேண்டிய கெபாசிட்டரே இல்லாததால், அதன் பிறகு ரேடியோவில் இரைச்சல் என்று அதே கருவி திரும்பி வரும்.

ஆகவே தயவுசெய்து கவனியுங்கள். போர்டில் சிஒய் என்று தொடங்கும் பெயர் அச்சிட்டிருந்தால், அந்த இடத்தில் ஒய்1 இருந்ததா ஒய்2 இருந்ததா என்று பார்த்து, அதே வகையை அல்லது ஒய்2-க்குப் பதில் ஒய்1-ஐ மட்டும் போடுங்கள். ஒய்1 இருந்த இடத்தில் ஒய்2 கூடாது. எழுத்து கருகிப் படிக்க முடியவில்லையென்றால் ஊகிக்காமல் சர்க்யூட் படத்தைத் தேடுங்கள். படம் கிடைக்கவில்லையா, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரில் 2.2 நானோபேரட் காட்டுகிறது என்று என்னிடம் வாதாட வராதீர்கள். சில வோல்ட்டில் அளக்கும் மீட்டருக்கு இன்சுலேஷனின் தாங்குதிறன் தெரியாது. முத்திரைகள் மங்கலாகவோ கோணலாகவோ அச்சான டிஸ்க்கை ஒய்1 என்று சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கி வைத்த மீதி 3 கேவி டிஸ்க்குகளை என்ன செய்வது என்று அந்த இளைஞர் கேட்டார். பிரைமரிப் பக்கத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்நப்பரில் (திடீர் மின்னழுத்த எழுச்சியை அடக்கும் சர்க்யூட்), மதிப்பும் வோல்ட்டும் பொருந்தினால் தாராளமாகப் போடலாம் என்றேன். மறுநாள் அவர் தன் டப்பாவில் இரண்டு வகைகளையும் தனித்தனி அறைகளாகப் பிரித்து, நீல டிஸ்க்குகள் இருந்த அறையின் மேல் ஒய் என்று எழுதிய தாளை ஒட்டி, அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.